டெஸ்டர் எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நம்பாதீர்கள்

மொட்டை மாடியில் ஒரு பம்ப் ஸ்டார்டர், மதியம் 2 மணி வெயில். ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று டெஸ்டரை டெர்மினலில் வைத்தேன், எரியவில்லை. கீழே எம்சிபியை (அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கச் சொல்லியிருந்தேன், இறக்கிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு, பக்கத்தில் போன ஜிஐ இரும்புப் பைப்பை இடது கையால் பிடித்தபடி வலது கையால் வயரைத் தொட்டேன். தூக்கி எறிந்தது. தோள்பட்டை இறங்கி ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவர்கள் இறக்கியது பக்கத்து எம்சிபி.

டெஸ்டரில் எந்தப் பழுதும் இல்லை. உள்ளே ஒரு நியான் பல்பும் மெகா ஓம் அளவுள்ள ஒரு ரெசிஸ்டரும்தான் இருக்கின்றன, கரண்ட் அது வழியாக நம் உடம்புக்குள் இறங்கித் தரைக்குப் போனால்தான் பல்பு எரியும். அதாவது நம் உடம்பும் அந்தக் கருவியில் ஒரு பாகம். ஸ்டூல், செருப்பு, மர ஏணி எல்லாம் அந்த வழியை அடைத்துவிடும், பல்பு மினுக்கென்று எரிந்தாலும் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், எரியாவிட்டால் அது எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயர் மேல் காட்டினாலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டருக்கும் இதே கதைதான், பேட்டரி இறங்கியிருந்தாலோ மேலே உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளாக இருந்தாலோ அது வாயே திறக்காது.

எரிந்தால் மட்டும் முழு உண்மையா என்றால் அதுவும் இல்லை. ஒரு வீட்டில் ஃபேன் ஓடவில்லை, லைட் எரியவில்லை, பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. "ரெண்டு ஃபேஸ் வருது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது நியூட்ரல் கட். சுவிட்ச் ஆனில் இருக்கும் ஏதோ ஒரு லைட் அல்லது ஃபிரிட்ஜ் வழியாக ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரல் வயருக்கு வந்து நிற்கிறது. மல்டிமீட்டரை எடுத்து மூன்று ரீடிங் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே அளவு என்று வந்தால் விஷயம் முடிந்தது, நியூட்ரலைத் தேடிப் போகலாம். ஆனால் அந்த வீட்டு எர்த்தே சரியில்லை என்றால் இந்தக் கணக்கும் தப்பும், அதனால் எர்த்தை நம்புவதற்கு முன்னால் நன்றாக வேலை செய்கிற வேறு ஒரு பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் லோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், 100 வாட்ஸ் குண்டு பல்பே போதும். (கரண்ட் லீக் ஆனால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் இப்படிச் செய்தால் அது டிரிப் ஆகும், ஆகத்தான் வேண்டும்.) மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் இன்னும் மோசம், ஒரு ஃபேஸில் 150 வோல்ட், இன்னொன்றில் 300க்கு மேல் என்றுகூட வரும், டிவியும் ஃபிரிட்ஜும் போவது இப்படித்தான். அந்த வீட்டில் மெயினைப் போடும்முன் மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு தனித்தனியாக அளக்காமல் ஒரு எம்சிபியையும் ஏற்றாதீர்கள்.

சரி, எந்த மீட்டர் வாங்குவது? டிஸ்ப்ளே பெரிதா, எத்தனை ரேஞ்ச் என்று பார்ப்பதற்கு முன்னால் முகப்பில் கேட் (CAT) 2, கேட் 3, கேட் 4 என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், எந்த இடத்தில் அந்த மீட்டரைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பாதுகாப்பு வகை அது. பிளக் பாயிண்டில் செருகும் சாமான்களுக்குக் கேட் 2, எம்சிபிகள் இருக்கும் டிபி போர்டுக்கும் கட்டடத்தின் வயரிங்குக்கும் கேட் 3, ஈபி மீட்டர், சர்வீஸ் வயர் பக்கம் போனால் கேட் 4. இடி இடிக்கும்போதும் பெரிய மோட்டார் ஆன் ஆஃப் ஆகும்போதும் லைனில் ஒரு நொடிக்கும் குறைவாகப் பல ஆயிரம் வோல்ட் ஏறி இறங்கும். கேட் 3, 600 வோல்ட் மீட்டர் 6000 வோல்ட் இம்பல்ஸ் வரை தாங்கவேண்டும் என்பது தரநிலை. டிபியில் ஷார்ட் ஆனால் பின்னால் டிரான்ஸ்ஃபார்மரின் முழு பலமும் வந்து நிற்கும், தாங்காத மீட்டர் கையிலேயே வெடிக்கும். அதனால் கேட் 3, 600 வோல்ட்டுக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். சில நூறு ரூபாய் மீட்டரிலும் அந்த எழுத்தை அச்சடித்துவிடுகிறார்கள் என்பதால் முடிந்தால் கடையிலேயே பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே தடித்த செராமிக் ஃபியூஸ் இருக்கவேண்டும். சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தாலோ, 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கிடையாது என்று போட்டிருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஃப்ளூக் வாங்கக் காசு இருந்தால் நல்லது, இல்லையென்றால் மோட்வேன், மெக்கோ மாதிரி நம் நாட்டு கம்பெனிகளில் அந்த ரேட்டிங்கோடு வருவதை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். புகழ்பெற்ற பெயர்களுக்குத்தான் டூப்ளிகேட் அதிகம்.

அந்த 10 ஆம்பியர் ஓட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிவப்பு லீடை (மீட்டரோடு வரும் டெஸ்ட் வயரை) அதில் மாட்டிக் கரண்ட் அளந்துவிட்டு, மாற்ற மறந்து, அப்படியே பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட். எலக்ட்ரீஷியன் வேலைக்கு அந்த ஓட்டை தேவையே இல்லை, இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கரண்ட் அளக்க, வயரை வளையத்துக்குள் விட்டுப் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. அதில் ஒரே வயரைத்தான் வளையத்துக்குள் விடவேண்டும், ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஜீரோ காட்டும். இந்தக் குணத்தையே வேலைக்கும் பயன்படுத்தலாம்: மில்லி ஆம்பியர் அளக்கும் லீக்கேஜ் கிளாம்பில் இரண்டு வயரையும் சேர்த்து விட்டால் லீக் ஆகும் கரண்ட் மட்டும் மிஞ்சித் தெரியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழும் வீட்டில் எந்த சர்க்யூட் குற்றவாளி என்று ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். சின்ன கரண்ட் சரியாகத் தெரியவில்லை என்றால் வயரை வளையத்தில் பத்துச் சுற்று சுற்றி, வருவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர், பிஎல்டிசி ஃபேன், எல்இடி என்று இப்போது எல்லா வீட்டிலும் அலை கோணிப்போயிருப்பதால், அதையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப்தான் வாங்கவேண்டும். என்னைக் கேட்டால் முதலில் வாங்கவேண்டியதே வோல்டேஜும் அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப்தான்.

டிஜிட்டல் மீட்டரை வாங்கியதும் ஒரு குழப்பம் வரும். ஆஃப் செய்த வயரில் 70, 80 வோல்ட் காட்டும். ஒரே பைப்பில் கரண்ட் உள்ள வயரோடு சேர்ந்து ஓடுவதால் வருவது அது, மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அந்தச் சின்னத் தூண்டலையும் காட்டிவிடுகிறது. லோ இசட் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) ரேஞ்ச் உள்ள மீட்டரில் அந்த ரேஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள், விழுந்துவிட்டால் பொய் வோல்டேஜ். ஹோல்டரில் மாட்டி இரண்டு வயர் இழுத்த பல்பை, அதாவது டெஸ்ட் லேம்பை வைத்தாலும் தெரிந்துவிடும், ஆனால் அதை இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைத்துவிடாதீர்கள், 415 வோல்ட்டில் பல்பு முகத்தில் வெடிக்கும்.

கரண்ட் இல்லை என்று முடிவு செய்யும் முறை ஒன்றுதான். கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மீட்டரை வைத்து 230 வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் ஃபேஸ் நியூட்ரல், ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூன்றையும் பாருங்கள். அப்புறம் திரும்பவும் முதல் இடத்துக்குப் போய் 230 காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி நடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் லீட் உள்ளுக்குள் அறுந்திருந்தால் ஜீரோதான் காட்டும், அந்த ஜீரோவைக் கரண்ட் இல்லாத ஜீரோவிலிருந்து பிரித்துச் சொல்ல வேறு வழியே இல்லை.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரை வாங்கும் அளவுக்கு வேலை வந்ததும், வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டிசி ரேஞ்ச் போதும். மெயினை இறக்கி, எல்இடி, டிவி, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்தோடு பாருங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் லீக் எங்கே என்று விடாமல் தேடுங்கள். முதலில் மெகரின் லீட் இரண்டையும் தொடாமல் வைத்தால் இன்ஃபினிட்டியும் தொட்டுவைத்தால் ஜீரோவும் வரவேண்டும். நீளமான கேபிளாக இருந்தால் டெஸ்ட் முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

பேட்டரி சின்னம் வந்த மீட்டரின் ரீடிங்கை எழுதிவைக்காதீர்கள், அது கன்னாபின்னாவென்று காட்டும். வருடத்துக்கு ஒருமுறை என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபில் கேலிப்ரேஷன் செய்து, தேதியைப் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். தினமும் காலையில் லீட் இரண்டையும் தொட்டு வைத்து ஓம் ரேஞ்சில் பாருங்கள், அரை ஓமுக்குள் நிற்கவேண்டும். அப்படியே வயரை முனையில் மடக்கி ஆட்டுங்கள், எண் துள்ளினால் அந்த லீட் முடிந்தது. விரிசல் விட்ட லீடில் டேப் சுற்றி ஓட்டாமல், மீட்டருக்குரிய அதே கேட் ரேட்டிங்கில், முனையில் 4 மில்லி மீட்டர் உலோகம் மட்டும் வெளியே தெரிகிற புது ஜோடியை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.