குறைந்த செலவில் முதல் மர இணைப்பு: என்ன வாங்கலாம், எப்படி வெட்டலாம்

மரவேலை கற்க ஆசைப்படுகிற பலரும் முதலில் மெஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். ஆணியே இல்லாமல் இரண்டு கட்டைகளைக் கச்சிதமாகச் சேர்க்க, கூரான உளியும் சுத்தமான கோடும் போதும். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சுற்று போய் வந்தால், என் கணக்கில் 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

12 மி.மீ., 25 மி.மீ. என்று இரண்டு உளி வாங்குங்கள். ஆறு உளி செட் வேண்டாம், நான் வாங்கியதில் நான்கு இன்னும் உறையோடு கிடக்கின்றன. முதுகில் இரும்புப் பட்டை போட்ட சின்ன ரம்பம், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம், கட்டைகளை இறுக்கிப் பிடிக்க ஒரு ஜி கிளாம்ப், ஃபெவிகால். உளியைத் தட்டுகிற மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்குப் புளியங்கட்டை கிடைத்தால் விடாதீர்கள், எவ்வளவு அடித்தாலும் தாங்கும்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, அப்படியே புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விரிந்து போனால் வேறு மட்டம் கேளுங்கள்.

இனி கூர் தீட்டுவது. இதில் அவசரப்படவே கூடாது, ஏனென்றால் புது உளி பெரும்பாலும் கூராக வராது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) ஈரத்தோடு ஒட்டவைத்து, 220, 400, 1000, 2000 என்று சொரசொரப்பு நம்பர் வரிசையாகத் தேயுங்கள். முதலில் உளியின் தட்டையான முதுகு, நுனிப் பக்கம் ஒரு அங்குலம் பளபளக்கும் வரை. அப்புறம் சரிவுப் பக்கம், சுமார் 25 முதல் 30 டிகிரி, கோணம் மாறாமல். கட்டையின் குறுக்கே அறுத்த முனையைக் கையால் தள்ளியே மழமழவென்று சீவ முடிந்தால் சரி.

மரத்துக்கு 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் ரீப்பர் சட்டம் போதும். கார்த்திகை மழையில் ஈரம் குடித்த கட்டையை உடனே வெட்டினால், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அகலவாக்கில் சுருங்கி இணைப்பு ஆட ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குள் நிழலில் போட்டு வையுங்கள்.

முதல் இணைப்பு, இரண்டு கட்டையிலும் பாதித் தடிமன் வெட்டிக் குறுக்காகக் கோக்கிற கூட்டல்குறி. ஒன்றின் மேல் ஒன்றை மூலைமட்டத்தில் வைத்து, இரண்டு ஓரமும் கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கீறலில் உளி தானாக உட்காரும். ஆழக் கோட்டை இரண்டு கட்டையிலும் முன்முகத்திலிருந்தே அளந்து போடுங்கள். ஒன்றை முன்பக்கமிருந்தும் மற்றதைப் பின்பக்கமிருந்தும் வெட்டினால், அளவு சரிபாதியிலிருந்து இம்மி தவறினாலும் முன்முகம் சமமாக வரும்.

ரம்பத்தைக் கோட்டின் மேல் வைக்காமல், வெட்டி எடுக்கப்போகிற கழிவுப் பக்கம் ஒட்டி இறக்குங்கள். நடுவிலும் 5 மி.மீ. இடைவெளியில் நாலைந்து வெட்டு போட்டால் உளிக்கு வேலை சுலபம். ஒரே பக்கமிருந்து தட்டிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கம் பிய்ந்துவிடும், அதனால் இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி எடுங்கள். உளியின் முன்னால் கை இருக்கவே கூடாது.

கோத்துப் பாருங்கள். கையால் அழுத்தி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடிக்காதீர்கள், இறுகிய இடத்தில் மெல்லிய சீவல் ஒன்று எடுங்கள். ஃபெவிகாலை மெல்லிசாகப் பூசி, கிளாம்ப் போட்டு, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் சேர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, படி தட்டினால் மட்டும் பேப்பர் போட்டுத் தேயுங்கள்.