ஸ்பானிஷில் 'போகலாமா?' கேட்க ஒரே ஒரு சொல் போதும்

ஸ்பானிஷ் பழக ஆரம்பித்தவர்கள் நீளமான வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'வாமோஸ் ஆ' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தினமும் கடந்துபோகும் இடங்களை அதன் பின்னால் ஒட்டுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்கும்போது 'வாமோஸ் ஆ லா பிளாயா?' (கடற்கரைக்குப் போகலாமா?), பெரிய மார்க்கெட்டுக்கு 'வாமோஸ் அல் மெர்காதோ?', பாரதி பூங்காவுக்கு 'வாமோஸ் அல் பார்க்கே?'. ஊர்ப் பெயரென்றால் 'ஆ'வுக்கும் பெயருக்கும் நடுவில் எதுவும் வேண்டாம்: 'வாமோஸ் ஆ கடலூர்?'.

நம் 'போகலாமா' போலவே 'வாமோஸ்' என்ற ஒரு சொல்லிலேயே 'நாம்' அடங்கிவிடுகிறது. குரலை ஏற்றிக் கேட்டால் அழைப்பாகிவிடும். பெண்பால் சொல்லுக்கு முன்னால் 'லா', ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'எல்' வரும்; 'ஆ'வும் 'எல்'லும் சேர்ந்தால் 'அல்'. கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் அங்கே 'ஓ' வரும் இடத்தில் பெரும்பாலும் இங்கே 'அல்' வரும். ஆனால் எப்போதும் நம்ப முடியாது: கடல் என்ற சொல் பிரெஞ்சில் பெண்பால், ஸ்பானிஷில் பொதுவாக ஆண்பால். அப்புறம், 'வாமோஸ்' என்பதன் முதல் எழுத்தை 'பாபு'வில் வரும் 'பா' போல ஒலித்தால்தான் சரியான உச்சரிப்பு.

நீங்களும் கூடப் போவதாக இருந்தால்தான் இது பொருந்தும். வழி கேட்கும் பயணியிடம் 'கடற்கரைக்குப் போங்களேன்' என்று சொல்ல 'வாமோஸ்' சரிவராது. 'போர் கே நோ வா ஆ லா பிளாயா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். நண்பரென்றால் 'வா'வுக்குப் பதில் 'வாஸ்'.