போர்க்காலக் கருவி கையில் கிடைத்தால்: எதற்கானது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காலையில் ஒரு சுற்று வந்தால், பழைய சாவி, ரேடியோ, மங்கு ஜாடிகளுக்கு நடுவே பெயர் தெரியாத இரும்புக் கருவி ஒன்றாவது கண்ணில் படும். என்னவென்று கேட்டால் "ஜப்பான்காரன் காலத்துச் சாமான்" என்பார்கள். ஜப்பானியர் இங்கே இருந்தது 1941 டிசம்பரிலிருந்து 1945 வரைதான். அதற்கு முன்பும் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்திலும் ராணுவச் சாமான்கள் நிறையப் புழங்கின. அதனால் விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கருவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 1: கருவிதானா என்று பாருங்கள்

இருபுறமும் மூடிய குழாய், உள்ளே ஏதோ இருப்பது போன்ற கனம், குண்டின் மூக்கு மாதிரி கூம்பு வடிவம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தொடாதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். விலகி வந்து 999-க்கு அழையுங்கள். 80 வருடம் ஆனாலும் வெடிமருந்து வெடிமருந்துதான்.

படி 2: தேய்க்காதீர்கள்

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுப்பவர்கள்தான் அதிகம். துருவோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி, பழைய பல்துலக்கியால் மண்ணை மட்டும் தட்டி எடுத்தால் போதும்.

படி 3: வேலை செய்யும் இடத்தைப் படியுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். முத்திரை, கருவி யாருடையது என்று சொல்லும். எதற்கானது என்று சொல்வது அதன் வாய்.

ஒரு சாண் நீளமுள்ள குறடு ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். பார்த்தால் சாதாரண பிளையர் மாதிரிதான். ஆனால் ஒரு கைப்பிடியின் நுனி கூராக இருக்கிறது, மற்றதன் நுனி ஸ்க்ரூடிரைவர் போலத் தட்டை. வாயை மூடினால் இரண்டு தாடையும் முழுக்க ஒட்டவில்லை. நடுவில் சின்ன வட்டத் துளை நிற்கிறது. அப்படியென்றால் இது பிடித்து இழுக்கும் குறடு இல்லை. மெல்லிய குழாய் ஒன்றை நசுக்கிவிடாமல், சுற்றிலும் அளவாக அழுத்த வேண்டியிருக்கிறது. இரண்டு பாதியும் இணையும் ஆணிக்குப் பக்கத்தில் வெட்டும் விளிம்பும் உண்டு. எதையோ அளவாக நறுக்க வேண்டும். கூர் நுனி, மிருதுவான பொருளில் குழி போட.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: திரியை நறுக்கி, டெட்டனேட்டர் என்னும், வெடிமருந்தைத் தூண்டிவிடும் சின்னக் குழாய்க்குள் விட்டு, வாயை இறுக்கி, வெடிமருந்தில் குழி போட்டுச் செருகும் வேலை. ராணுவப் பொறியாளர்கள் வைத்திருந்த டெட்டனேட்டர் குறடு இது. இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க 'எம்2' குறடும் இதே அமைப்புதான். கல்குவாரியிலும் ஈயச் சுரங்கத்திலும் இதே வேலைக்கு இதே மாதிரிக் குறடு இருந்தது. அதனால் ராணுவத்துடையதா என்று சொல்ல அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, பித்தளை அல்லது வெண்கலம் என்றால், தீப்பொறி பறக்கக்கூடாத வெடிமருந்துக் கிடங்கையோ, உப்புக்காற்று அடிக்கும் கப்பலையோ யோசிக்கலாம். தலை நசுங்கி விரிந்திருந்தால் யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். சில சமயம் அது அதன் வேலையே இல்லாமலும் இருக்கும்.

படி 4: முத்திரை

டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேயுங்கள்.

காக்காய்க் கால் போல மூன்று கோடுகள் இருந்தால் பிரிட்டிஷ் அரசின் அம்புக்குறி. இரண்டு 'டி' எழுத்துக்கு நடுவே அம்பு என்றால் ஆஸ்திரேலியா, 'சி' எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. நங்கூரம் ஜப்பானியக் கடற்படையின் அடையாளம். ஜப்பானியத் தேதியில் ஷோவா ஆண்டு (பேரரசர் ஹிரோஹிட்டோ ஆட்சியின் ஆண்டுக் கணக்கு) இருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள்: ஷோவா 18 என்றால் 1943. 2602 என்று கண்டால் திகைக்க வேண்டாம், அது ஜப்பானின் இன்னொரு ஆண்டுக் கணக்கு; 660-ஐக் கழித்தால் 1942. கோடு போட்டுப் பிரித்த 13 இலக்க எண் இருந்தால் அது நேட்டோ சரக்கு எண். பொருள் போருக்குப் பிந்தியது.

படி 5: ஒப்பிடுங்கள்

நீளம், எடை, துளையின் விட்டம் மூன்றையும் குறித்துக்கொண்டு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம் இரண்டின் இணையத் தொகுப்புகளிலும் தேடுங்கள். பத்து மாவுங் போர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்வரலாம்.

கேள்விப்பட்ட விளக்கத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ராணுவ மடக்குக் கத்தியில் இருக்கும் தடித்த ஊசி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க என்பார்கள். அது கயிற்று முடிச்சை அவிழ்க்க, பின்ன. கயிற்று நுனியில் பித்தளைக் குண்டு தொங்கினால் தூண்டில் சாமான் என்பார்கள்; அது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக் குழாயைத் துடைக்கும் கயிறாக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன்

அம்புக்குறி இருந்தாலே விலை ஏறும், அதனால் புதிதாக அடித்து விடுபவர்களும் உண்டு. பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியிருக்கும் அதே துருவும் அதே கறுப்பும் இருக்கும். பள்ளம் மட்டும் பளிச்சென்று, விளிம்பு விரலில் கீறினால், வெறும் பழைய குறட்டுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.