இடிப்பதற்கு முன் ஊரின் நினைவைப் பதிந்து வைப்பது எப்படி

பழைய நகரத்தின் இடிபாடுகளை ஒட்டிய குடியிருப்பு, அகழாய்வுக்காக அகற்றும் திட்டத்தின் வரைபடத்தில் பெரும்பாலும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே நிறத்தில்தான் இருக்கும். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலை அகழ, 1931 முதல் விரிசாகி குடியிருப்பில் சுமார் 400 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடிக்குமுன் எடுத்த படங்கள் இருப்பதால்தான் அந்தத் தெருக்களை இன்று பார்க்க முடிகிறது.

முதலில் 1:500 அளவில் வரைபடம் தயார் செய்யுங்கள். 1 செ.மீ. என்பது 5 மீட்டர். ஒரு ஏ1 தாளில் (சுமார் 84 × 59 செ.மீ.) ஏறக்குறைய 420 × 300 மீட்டர் அடங்கும். கதவு எண் மாறக்கூடியது. அதனால் வீட்டுக்கு வீடு நீங்களே வரிசை எண் கொடுங்கள். படம் எடுக்கும்போது 1 மீட்டர் கோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

பழைய கல்லோ தூண் துண்டோ வீட்டுச் சுவரில் பதிந்திருந்தால் பெயர்க்காதீர்கள். எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதி, அளவுகோலோடு படமெடுங்கள். பெயர்த்துவிட்டால் அது எங்கே இருந்தது என்பதற்கான சான்றும் கூடவே போய்விடும்.

பேட்டியைக் கூட்டமாக நடத்தினால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒவ்வொருவரையும் தெருவில் நடக்கவிட்டே கேளுங்கள். கிணறு, துவைக்கும் துறை, குறுக்குப்பாதை பற்றிப் பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களைத் தனியே கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் விடாதீர்கள், உரிமையாளர் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள். “எந்த வருஷம்?” என்றால் ஆளுக்கொரு பதில் வரும். “கரண்ட் வந்ததற்கு முன்பா பின்பா?” என்று கேட்டு, வரி ரசீது, பழைய மின்கட்டண அட்டையோடு ஒப்பிடுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

ஒலிப்பதிவுக்கு ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வடிவம்) கோப்பாகப் பதியும்படி அமைத்து, வாயிலிருந்து 20–30 செ.மீ. தள்ளி வையுங்கள். பதிவதற்கும் அதிகாரிகளிடம் கொடுப்பதற்கும் தனித்தனியே சம்மதம் கேட்பது மிக முக்கியம். “தாத்தா அந்தக் கோட்டைக் கல்லை எடுத்துத்தான் கட்டினார்” என்ற ஒரு வாக்கியமே பின்னால் அந்தக் குடும்பத்துக்கு எதிராகத் திரும்பலாம். அத்தகைய பகுதிகளை நீக்கிய பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை வெளியூரில் வையுங்கள்.

மணிக்கணக்கான ஒலிப்பதிவை அலுவலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். வரிசை எண், குடியிருந்த காலம், பயன்பாடு, சான்று, பட எண் என்று அட்டவணையாக்கி வரைபடத்தோடு, திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்த கெடுவுக்குள் கொடுங்கள். முத்திரை வைத்த ஒப்புகை நகல் கையில் வராமல் திரும்பாதீர்கள்.