7 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும் முகடு

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மணற்கல் மாதிரி ஒன்றின் எக்ஸ்.ஆர்.டி. அறிக்கையை (எக்ஸ்-கதிர் பாய்ச்சி, கல்லில் எந்தக் கனிமம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை) நீட்டினாள். "கயோலினைட் 9 சதவீதம், சார்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வரியைத் தவறாக எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். அதனால் இத்தகைய அறிக்கைகளில் நேரும் பிழைகளைச் சொல்கிறேன்; சீட்டு மாறி ஒட்டுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்தும்.

குளோரைட்டைக் கயோலினைட் என்று எழுதுவது

இரண்டும் களிமண் கனிமங்கள். சோதனை வரைபடத்தில் கயோலினைட்டின் முதல் முகடு சுமார் 7.15 ஆங்ஸ்ட்ராமில் (படிக அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் நுண் அலகு) வரும். குளோரைட்டின் இரண்டாம் முகடு 7.1-இல். தாமிர எக்ஸ்-கதிர்க் குழாயில் இரண்டும் 12.4 பாகைக் கோணத்தின் அருகே ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளோரைட் இருந்தால் அதன் முதல் முகடு 14 ஆங்ஸ்ட்ராமில் தெரியாதா என்று கேட்பார்கள். மக்னீசிய வகையில் தெரியும். இரும்பு மிகுந்த வகையிலோ 14 ஒடுங்கிக் கிடக்க, 7 மட்டும் ஓங்கி நிற்கும். எண்ணெய், எரிவாயு தேங்கும் மணற்கற்களில் மணல் துகள்மேல் தோல்போலப் படிவது பல இடங்களில் இந்த இரும்பு வகைதான். லூசியானாவின் டஸ்கலூசா மணற்கல்லில் அந்தத் தோல்தான் குவார்ட்ஸ் வளர்ந்து துளைகளை அடைக்காமல் காத்தது.

என் அறிக்கையை நம்பிக் கிணற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறக்கினார்கள். கயோலினைட்டை அது அதிகம் தீண்டாது. குளோரைட் கரைந்து இரும்பை விடும். அமிலத்தின் வீரியம் தணிந்ததும் அந்த இரும்பு கொழகொழவென்று படிந்து துளைகளை அடைக்கும். கிணறு முன்பு தந்ததையும் தரவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் என் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். இன்றும் எரிச்சலாக இருக்கிறது, அவர்கள்மேல் அல்ல.

24.5 முதல் 25.5 பாகை வரை மெதுவாக ஓட்டியிருந்தால் போதும்: கயோலினைட் 3.58-இலும் குளோரைட் 3.54-இலும் பிரிந்து தெரியும். சந்தேகம் தீராவிட்டால் 550 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சுடுங்கள். கயோலினைட் முகடு மறையும். குளோரைட்டின் 14 தலைதூக்கும். அந்தப் பெண்ணின் மாதிரியில் 14 தலைதூக்கியது.

ஆவி பிடிக்காத களிமண்

எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் ஸ்மெக்டைட் என்ற களிமண் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு உப்பும். அதைச் செய்யாமல் "ஸ்மெக்டைட் இல்லை" என்று எழுதாதீர்கள்.

உலர அரைப்பது

எத்தனாலில் நனைத்து, 10 மைக்ரானுக்குக் கீழே அரையுங்கள். உலர்பொடியை நெடுநேரம் இடித்தால் களிமண்ணின் படிக ஒழுங்கே குலைந்துவிடும்.

கூட்டினால் 100

அறிக்கையின் சதவீதங்களைக் கூட்டினால் 100 வரத்தான் செய்யும், மென்பொருளின் வேலையே அதுதான். கரிமப்பொருளும் படிகமற்றவையும் அந்தக் கணக்கில் வரா. எடை தெரிந்த கொருண்டம் என்ற கனிமத்தைக் கலந்து ஓட்டினால்தான் எவ்வளவு விடுபட்டது என்று தெரியும்.

திடீர் பேரைட்

பேரைட் என்ற கனிமம் எதிர்பாராமல் தெரிந்தால், முதலில் கிணறு துளையிடும்போது இறக்கும் சேற்றைச் சந்தேகியுங்கள்; அதில் பேரைட் கலப்பது வழக்கம்.