டைமிங் செயினும் வாட்டர் பம்ப்பும்: ஒரே பிரிப்பில் முடிக்க வேண்டிய வேலைகள்

குளிர்ந்திருக்கும் எஞ்சினை இயக்கியவுடன் அதன் முன்பகுதியில் கடகடவென்று ஒலி எழுந்து, சில நொடிகளில் தானாக அடங்கிவிடுமானால், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயினையும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் ஐயுற வேண்டும். டென்ஷனர் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. அந்த அழுத்தம் ஏறும் வரை தளர்ந்த செயின், அது உரசிச் செல்லும் பிளாஸ்டிக் தாங்கிகளான கைடுகளில் மோதுவதால்தான் அந்த ஒலி உண்டாகிறது. வண்டியின் கணினி பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 அல்லது பி0017 என்ற குறியீடு தோன்றினால், கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் தமக்குரிய பொருத்தத்தில் சுழலவில்லை என்று பொருள். ஆனால் இவற்றை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கிவிடக் கூடாது. ஆயில் அளவு குறைந்திருந்தாலும், நெடுநாள் மாற்றப்படாத ஆயில் கெட்டுப்போயிருந்தாலும், கேம் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஆயில் வால்வு அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம்; இவற்றைச் சரிபார்ப்பது சிறிய வேலை, முதலில் அதைச் செய்ய வேண்டும்.

பல எஞ்சின்களில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப், செயினை மறைக்கும் முன்பக்க மூடியின் மீதோ அதையொட்டியோ அமைந்திருக்கும். சிலவற்றில் மூடிக்கு உள்ளேயே இருந்து டைமிங் செயினாலேயே சுழற்றப்படும். உள்ளே அமைந்த பம்ப்பின் சீல் கசிந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்து பேரிங்குகளையே அழித்துவிடும். செயினை அடைவதற்காகக் கூலன்ட்டை வடித்து, பெல்ட்டையும் ஹோஸ்களையும் கழற்றிய பிறகு, பம்ப், கூலன்ட் சூடானதும் அதற்கு வழிவிடும் தெர்மோஸ்டாட், பழைய ஹோஸ்கள், கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போடாமல் மூடுவது பொருளற்றது. இந்த வேலையில் உழைப்பெல்லாம் பிரிப்பதிலும் மூடுவதிலும்தான் செலவாகிறது. செயின் கியர்பாக்ஸ் பக்கம் அமைந்த எஞ்சின்களை மட்டும் வீட்டில் தொட வேண்டாம். பெரும்பாலும் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் அந்தச் செயினை அடைய முடியாது.

அந்தக் குறிப்பிட்ட எஞ்சினுக்கான பணிமனைக் கையேடு இல்லாமல் தொடங்கக் கூடாது. டைமிங் குறிகளின் இடம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய முறுக்கு விசை, இறுக்கும் வரிசை ஆகியவை எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். செயின், கைடுகள், டென்ஷனர், செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வாங்குவது நல்லது. புதிய செயினைத் தேய்ந்த பற்களின் மீது ஓட்டினால் அதுவும் விரைவில் தேயும். ஒருமுறை நீட்சி கொள்ளும்படி இறுக்கப்படும் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால் அவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், கேம் ஷாஃப்ட்டைப் பூட்டும் கருவி, கிராங்க் புல்லியைப் பிடிக்கும் கருவி, அந்தப் புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லர் ஆகியவை கையில் இருந்த பிறகே முதல் போல்ட்டைத் தளர்த்தலாம்.

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநிலையில் உள்ள கூலன்ட் பீறிட்டு அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, வண்டியைச் சமதளத்தில் ஜாக் ஸ்டாண்டுகளின் மீது நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் நுழையவே கூடாது. கூலன்ட்டையும் ஆயிலையும் தனித்தனிப் பாத்திரங்களில் வடித்துக்கொள்க. கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடைய நஞ்சு. குழந்தைகளும் விலங்குகளும் நெருங்காதபடி அதை உடனே மூடி வைக்க வேண்டும். பெல்ட் செல்லும் வழியையும் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொண்டு, போல்ட்டுகளை அவை இருந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைத்தால் பின்னர் குழப்பம் வராது. முன்மூடியின் போல்ட்டுகள் பல நீளங்களில் இருக்கும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க்கைக் கையால் சுழற்றுவது எளிது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சநிலைக்கு வரும் வரை, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் மட்டும் சுழற்ற வேண்டும். புல்லியின் பக்கமிருந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் அது கடிகாரத் திசை. அடுத்து வருவது புல்லியைக் கிராங்க்கோடு பிணைக்கும் கிராங்க் போல்ட். அது மிகக் கடுமையாக இறுக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி அதைத் தளர்த்தும் குறுக்குவழி சிலரிடம் உண்டு, அதைப் பின்பற்ற வேண்டாம். சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை நிலைநிறுத்தும் கீ எனப்படும் சிறு உலோகத் துண்டே கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கும். அத்தகைய எஞ்சினில் பூட்டுக் கருவிகளை மாட்டாமல் போல்ட்டைத் தளர்த்தினால் அந்தக் கணமே டைமிங் போய்விடும். பூட்டுக் கருவி நிலையைக் காப்பதற்கு மட்டுமே. போல்ட்டைத் தளர்த்தும் விசையைத் தாங்குவதற்குப் புல்லியைப் பிடிக்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

முன்மூடியைத் திறந்ததும் பழைய செயின் நிற்கும் நிலையையும் குறிகளையும் படம் எடுத்துவிட்டு, டென்ஷனரை அமுக்கி, அதன் துளையில் ‘பின்’ எனப்படும் சிறு கம்பியைச் செருகிப் பூட்டி, செயினையும் கைடுகளையும் எடுக்கலாம். கைடின் பிளாஸ்டிக் உடைந்திருந்தால் அதன் துண்டுகள் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்திருக்கும். அப்போது சம்ப்பையும் இறக்கித் துடைப்பது தவிர்க்க முடியாதது.

புதிய செயினின் நிறமிட்ட கண்ணிகளை ஸ்ப்ராக்கெட்டுகளின் குறிகளோடு பொருத்த வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் செயின் விறைப்பாக நிற்க வேண்டும். தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். அந்த விறைப்பான பக்கத்தில் சிறிது தொய்வு இருந்தாலும் டென்ஷனர் விடுபட்டவுடன் கேம் நகர்ந்து ஒரு பல் தவறிவிடும். பொருத்தம் சரியென்று கண்ட பிறகே டென்ஷனரின் பின்னை உருவ வேண்டும்.

இதன் பிறகு பூட்டுக் கருவிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். கிராங்க் இருமுறை சுழன்றால்தான் கேம் ஒருமுறை சுழலும். ஆகவே இரண்டு சுற்றின் முடிவில் ஸ்ப்ராக்கெட் குறிகள் தொடங்கிய இடத்திற்கே திரும்பியிருக்க வேண்டும். நிறமிட்ட கண்ணிகள் அப்போது குறிகளோடு சேராமல் வேறிடத்தில் நிற்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அவை பொருத்தும்போது மட்டுமே பயன்படுபவை, மீண்டும் சேரப் பல சுற்றுகள் ஆகும். சுழற்றும்போது எங்கேனும் திடமான தடை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது வால்வு பிஸ்டனில் முட்டுவதாக இருக்கலாம். கையின் விசையில் முட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஸ்டார்ட்டரின் விசையில் முட்டினால் வால்வு வளையும். இந்தச் சோதனையை நான்கு சுற்றுகளாக நீட்டிப்பதிலும் தவறில்லை.

மூடியின் பரப்பில் ஒட்டியுள்ள பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்க வேண்டும். எஃகுக் கத்தி அலுமினியத்தில் கீறலிட்டு அதுவே கசிவுக்கு வழியாகும். புதிய சீலன்ட்டைக் கையேடு சொல்லும் பருமனில், அறுபடாத ஒரே கோடாக இட வேண்டும். சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் மூடியும் சந்திக்கும் மூலைகளில்தான் கசிவு பெரும்பாலும் தொடங்குகிறது. புதிய ஆயில் சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவிப் பொருத்தி, சீலன்ட் உலர்வதற்குரிய நேரம் கழிந்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும்.

பம்ப்பைப் புதிய கேஸ்கெட்டோடு உரிய விசையில் இறுக்குக. தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் தண்ணீரில் இட்டுச் சூடாக்கிப் பார்த்துவிடலாம். பெரும்பாலானவை 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். அதில் காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது பொதுவாக மேல்நோக்கி இருக்க வேண்டும். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்ய வேண்டாம். நிறத்திற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையையே, அடர் கூலன்ட்டாயின் சம அளவு காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கையேட்டின் முறைப்படி காற்றை வெளியேற்ற வேண்டும்.

முதல் இயக்கத்திற்கு முன் ஃப்யூயல் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சில நொடிகள் வீதம் சுழற்றினால், புதிய டென்ஷனரில் ஆயில் நிறைந்துவிடும். பிறகு இயக்கும்போது மிகச் சிறிது நேரம் ஒலி கேட்பது இயல்பு. அது தொடர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். வெப்பமானி இயல்பு நிலைக்கு ஏறி, ரேடியேட்டர் விசிறி சுழன்று நிற்கும் வரை அருகிலிருந்து கசிவைக் கவனித்து, எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பின் கூலன்ட் அளவைப் பார்த்து நிரப்புக. எஞ்சியிருந்த காற்று வெளியேறுவதால் அடுத்த சில ஓட்டங்களிலும் அளவு சற்று இறங்கலாம். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவைத் தேட வேண்டும்.