முதலில் எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்?

புகழ்பெற்ற பழைய ஆல்பம் ஒன்றை முதன்முதலாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் பலமுறை அப்படிச் சொன்னவன்தான். ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: எந்தப் பதிப்பு, எதில் கேட்டீர்கள்? பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) பற்றி நண்பர் ஒருவரோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன். ஜான் லெனன் அதில் ஒப்புக்குத்தான் தலைகாட்டுகிறார் என்பது அவர் கட்சி. "அப்போ 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்'?" என்றேன். அப்படியொரு பாட்டே அதில் கிடையாது என்றார். கடைசியில் உறையைப் புரட்டிப் பார்த்தால், அவர் கையில் இருந்தது பழைய அமெரிக்க எல்பி (இரண்டு பக்கமும் பாட்டுள்ள பெரிய இசைத்தட்டு). பிரிட்டிஷ் பதிப்பில் 14 பாட்டு, அமெரிக்கத் தட்டில் 11தான். விடுபட்ட மூன்றும் லெனன் பாடியவை. அவற்றை அமெரிக்க நிறுவனம் அதற்கு முன்பே வேறொரு ஆல்பத்தில் போட்டுவிட்டது. அவர் காதில் விழுந்ததை வைத்து அவர் சொன்னது சரிதான்.

இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) ஒலிப்பதிவானபோது நாடா இயந்திரம் ஒன்று சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் எல்பியின் முதல் பக்கத்து மூன்று பாட்டும் கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஒரு இழை ஏறியும் ஒலித்தன. 1990களில்தான் சரிசெய்தார்கள். அதுவரை முப்பது வருஷத்துக்கும் மேலாக, தட்டைப் போட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தின்மேல் எத்தனை தடவை சந்தேகப்பட்டிருப்பார்களோ!

ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் ஒன்றாக்கிப் பேசுவது அடுத்த தவறு. ரீமாஸ்டர் என்றால், முடித்துவைத்த கலவையின் சத்தத்தையும் தெளிவையும் திருத்துவது. ரீமிக்ஸில் தனித்தனியாகப் பதிந்த குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வேறு அளவில் கலக்கிறார்கள். ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் 'ரா பவர்' (1973) ஆல்பத்தைப் பெரும்பாலும் கலந்தவர் பாடகர் டேவிட் போவி. 1997இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தானே மறுபடி கலந்து, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். "காதைக் கிழிக்குது" என்பவரும் "ஏன் இப்படி மெலிசா இருக்கு?" என்பவரும் இரண்டு வேறு ஆல்பங்களைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்.

எதில் கேட்கிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஒரு ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டு 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' (1963) ஸ்டீரியோவைக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளில் வாத்தியம் இடப்பக்கம், குரல் வலப்பக்கம். ஒருவருக்கு வெறும் கிட்டாரும் டிரம்ஸும். இன்னொருவருக்குக் கிட்டத்தட்ட வெறும் பாட்டு. "பாடவே ஆரம்பிக்கலையே" என்று இடது காதுக்காரர் காத்துக்கொண்டிருப்பார். அந்த ஆல்பத்துக்கு, இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோதான் நல்லது.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள், இதில் விவாதத்துக்கே இடமில்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. எல்பியில் கேட்டால் நடுவில் பக்கம் மாற்ற ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் 'மணி' பாட்டின் காசுச் சத்தம் வருகிறது. போனஸ் டிராக் இன்னொரு வம்பு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பிந்தைய பதிப்புகள் பலவற்றில் கடைசிப் பாட்டின் மாற்று வாசிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். "ஒரே பாட்டை எதுக்கு ரெண்டு தடவை?" என்று மைல்ஸைத் திட்டக் கூடாது. அவர் ஐந்தோடு முடித்துவிட்டார்.

நகலைக் கேட்டு வளர்ந்துவிட்டு மூலத்தை நகல் என்று நினைப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற தவறு. ஜெர்மனியின் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' (1977) கேட்டு, "இந்த மாதிரி நூறு கேட்டாச்சு" என்பார்கள். ஆமாம், கேட்டிருப்பீர்கள். அதன் மெட்டை 1982இலேயே ஹிப்-ஹாப் கலைஞர் ஆஃப்ரிக்கா பம்பாட்டா 'பிளானட் ராக்'கில் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. இதற்கு ஒரு வழி உண்டு: அதே வருஷத்தில் வந்த வேறு இரண்டு ஆல்பங்களைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மரியாதைக்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

தரவரிசையை ஆதாரமாகக் காட்டுவதும் வேண்டாம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பப் பட்டியலில் 2003இல் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்'. 2020இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. பெப்பர் 24க்கு இறங்கியது. தட்டில் ஒரு கீறல்கூட மாறவில்லை, ஓட்டுப் போட்ட ஆட்கள்தான் மாறினார்கள். பழைய ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை: "நீ அப்போ பொறக்கவே இல்ல" என்பது வாதமே இல்லை.

நண்பருக்கு அப்புறம் 14 பாட்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். லெனன் விஷயத்தில் இறங்கிவந்தார். ஆனால் 'டாக்டர் ராபர்ட்'டை அமெரிக்காக்காரன் வெட்டியது நியாயம்தான் என்கிறார். அதில் எனக்கும் பாதிச் சம்மதம் உண்டு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.